பெரிய கடையும் சந்திக் கடையும்: நிறம் பார்த்து நடத்தப்படும்போது செய்ய வேண்டியவை

பெரிய சுப்பர்மார்க்கெட்டில் உங்களுக்குப் பின்னால் வருபவர் அந்த வேலைக்கென்றே சம்பளம் வாங்குபவர். சந்திக் கடையில் உங்கள் கையையே பார்த்துக்கொண்டிருப்பவர் அந்தக் கடைக்கு வாடகை கட்டும் முதலாளி. தோல் நிறத்தைப் பார்த்துச் சந்தேகப்படுவது இரண்டு இடத்திலும் நடக்கிறது. ஆனால் பெரிய கடையில் அது விதிமுறை, கமரா, சந்தேக நபர்களின் படப்பட்டியல் என்று உருவெடுக்கிறது. சின்னக் கடையில் ஒருவருடைய மனநிலையாக இருக்கிறது. எதை ஆதாரமாகப் பிடிப்பது, யாரிடம் போவது என்பதெல்லாம் இந்த வித்தியாசத்தில்தான் தங்கியிருக்கிறது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் ரொறன்ரோ, ஸ்காபரோ, மார்க்கம் பக்கங்களில் வாழும் தமிழர்கள் இதில் இரண்டு பக்கமும் நிற்கிறோம். வாடிக்கையாளராகச் சந்தேகிக்கப்படுகிறோம். கடை முதலாளியாகவும் காசாளராகவும் சந்தேகிக்கிறோம். ஆகவே இந்தக் கட்டுரை இரண்டு பக்கத்தாருக்கும் சேர்த்தே எழுதப்படுகிறது.

பெரிய நிறுவனம்தான் பாகுபாடு காட்டும், பக்கத்துக் கடைக்காரர் ஆளை அறிந்து நடத்துவார் என்று பலர் நம்புகிறார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. அடிமைமுறை ஒழிந்த பின்னும் அமெரிக்கத் தெற்கில் கறுப்பின விவசாயிகளை நசுக்கியது ஊர்ச் சந்தியில் இருந்த சின்னக் கடைதான். பருத்தி விளைச்சலை ஈடாக வைத்துக் கடன் கொடுத்த வெள்ளைக் கடைக்காரர் விலையையும் வட்டியையும் தன் விருப்பப்படி எழுதினார். வெள்ளையர் எல்லோருக்கும் சாமான் கொடுத்து முடியும்வரை கறுப்பினத்தவர் ஒதுங்கி நிற்கவேண்டும். சியர்ஸ் நிறுவனத்தின் தபால்வழி விற்பனைப் பட்டியல் 1890களில் வந்தபோது, யார் எழுதிக் கேட்டாலும் அதே பொருள், அதே விலை என்றாயிற்று. கடிதத்தில் முகம் தெரியாது. ஆனால் பெரிய நிறுவனம் என்பதாலேயே அது நியாயமாக நடந்துவிடும் என்றும் இல்லை. பெரிய கடைத் தொடரான வூல்வேர்த்தில் கறுப்பினத்தவர் பற்பசை வாங்கலாம், தெற்கில் அதே கடையின் உணவு மேசையில் உட்காரமுடியாது. 1960 பெப்ரவரி 1 அன்று வட கரோலினாவின் கிரீன்ஸ்போரோவில் நான்கு கறுப்பின மாணவர்கள் அந்த மேசையில் உட்கார்ந்து, அந்த ஆண்டு ஜூலை 25 வரை நீண்ட போராட்டத்துக்குப் பிறகே அது மாறியது.

இப்போது கடைக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பெரிய கடைகளில் திருட்டைத் தடுக்கும் பிரிவு தனியாக இருக்கும். சீருடையில் வாசலில் நிற்பவர் ஒருவர், சாதாரண உடுப்பில் கூடையோடு திரிபவர் இன்னொருவர். ஒருவரைத் தடுத்து நிறுத்துவதற்கு முன் இவர்கள் ஆறு விஷயங்களைக் கண்ணால் கண்டிருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் பரவலாகக் கற்பிக்கப்படும் பாடம்: ஆள் தட்டுக்கு வெறுங்கையோடு வந்தது, பொருளை எடுத்தது, அதை மறைத்தது, இடையில் ஒருகணமும் ஆள் பார்வையை விட்டு மறையாதது, பணம் கட்டாதது, கடைசிக் காசுமேசையைத் தாண்டியது. இந்த ஆறும் இருந்தால் தவறான ஆளைப் பிடிப்பது மிக அரிது. நிறத்தைப் பார்த்து நிறுத்தப்பட்ட சம்பவங்களை எடுத்துப் பார்த்தால் இந்தப் படிகளில் இரண்டு மூன்று காணாமல் போயிருக்கும். பெரும்பாலும் “எடுத்ததையும் மறைத்ததையும் கண்டேன்” என்ற பகுதியே இருக்காது. “சந்தேகமாக இருந்தது” என்ற சொல்தான் இருக்கும்.

கனடாச் சட்டத்தின் முன் இது கடைத் தரப்புக்குப் பெரிய பலவீனம். குற்றவியல் சட்டக்கோவையின் 494ஆம் பிரிவின்படி, கடைக்காரரோ அவருடைய காவலாளியோ ஒருவரைப் பிடிப்பதென்றால் அந்த ஆள் குற்றம் செய்வதைக் கண்டிருக்க வேண்டும். பிடித்தால் தாமதமின்றிப் பொலிஸிடம் ஒப்படைக்க வேண்டும். 2009இல் ரொறன்ரோ சைனாரவுனில் ஒரு சின்ன மளிகைக் கடை முதலாளி, ஒரு மணி நேரம் முன்பு திருடியவர் திரும்பி வந்தபோது பிடித்துக் கட்டிவைத்தார். குற்றஞ்சாட்டப்பட்டது முதலாளிமீது. 2010இல் அவர் விடுவிக்கப்பட்டார், 2013இல் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது நியாயமான கால இடைவெளிக்குள், பொலிஸ் வந்து பிடிக்கும் வாய்ப்பு இல்லாதபோது, பின்னரும் பிடிக்கலாம். ஆனால் ஆள் குற்றம் செய்திருக்க வேண்டும் என்பது மாறவில்லை. வெறும் சந்தேகத்தில் ஒருவரைத் தடுத்து வைக்கும் உரிமை காவலாளிக்கும் இல்லை, முதலாளிக்கும் இல்லை.

பெரிய கடைகளின் அடுத்த கருவி படம். பின்னறையில், காசாளர் உடுப்பு மாற்றும் இடத்தில், கமராவில் இருந்து அச்சடித்த மங்கலான முகங்கள் ஒட்டியிருக்கும். மங்கலான படத்தில் ஒரு கறுப்பினப் பெண்ணைப் பார்த்த ஊழியருக்கு, அடுத்து உள்ளே வரும் எந்தக் கறுப்பினப் பெண்ணும் அவராகவே தெரிவார். நோவா ஸ்கோசியாவில் ரன்ரலன் பகுதி சோபீஸ் சுப்பர்மார்க்கெட்டில் 2009இல் நடந்தது இதுதான். அந்தக் கடைக்கு வழக்கமாக வரும் ஒரு கறுப்பினப் பெண்ணை, படத்தில் இருக்கும் திருடி நீதான் என்று மற்ற வாடிக்கையாளர்களுக்கு முன் குற்றஞ்சாட்டினார்கள். அது அவர் அல்ல. 2015இல் மாகாண மனித உரிமை விசாரணைச் சபை அது இனப் பாகுபாடு என்று தீர்த்தது, 2016இல் சுமார் 21,000 டொலர் நட்டஈடு வழங்கச் சொன்னது. நிறுவனம் மேன்முறையீட்டுக்குப் போனது. கறுப்பினத் தேவாலயச் சமூகம் அந்தக் கடைகளைப் புறக்கணிக்கத் தொடங்கிய பிறகுதான் மேன்முறையீட்டைக் கைவிட்டு மன்னிப்புக் கேட்டது. ஏழு ஆண்டுகள். முறைப்பாடு செய்பவர்கள் இந்தக் கால அளவை மனதில் வைத்திருப்பது நல்லது.

அச்சடித்த படத்தின் இடத்தை இப்போது முகம் அடையாளம் காணும் மென்பொருள் பிடிக்கிறது. அமெரிக்க மருந்துக் கடைத் தொடராக இருந்த ரைட் எய்ட் 2012 முதல் 2020 வரை நூற்றுக்கணக்கான கிளைகளில் இதைப் பயன்படுத்தியது. கறுப்பினத்தவரும் ஆசியரும் கூடுதலாக வாழும் பகுதிகளில் தவறான எச்சரிக்கைகள் கூடுதலாக வந்தன என்று கண்டு, 2023 டிசம்பரில் மத்திய வர்த்தக ஆணையம் ஐந்து ஆண்டுகளுக்குத் தடை விதித்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் வாகன, வீட்டுச் சாமான்கள் விற்கும் கனேடியன் டயர் தொடரின் 12 கடைகள் இதே மாதிரி மென்பொருளைப் பயன்படுத்தியதையும், விசாரித்த நான்கு கடைகள் போதிய அறிவித்தல் கொடுக்காததையும் அந்த மாகாணத் தனியுரிமை ஆணையர் 2023இல் வெளியிட்டார். இந்த 12 கடைகளும் தனித்தனி உரிமையாளர்கள் நடத்துபவை. பெயர்ப்பலகை நாடறிந்தது, நடத்துபவர் உள்ளூர் ஆள்.

இந்தக் கலப்பைக் கவனியாமல் விட்டால் முறைப்பாடு பிழையான முகவரிக்குப் போகும். ரொறன்ரோவில் ஷொப்பர்ஸ் ட்ரக் மார்ட் என்ற மருந்துக் கடைத் தொடரின் பெயரில் இயங்கிய ஒரு கடையில், ஒரு கறுப்பினப் பெண்ணைத் திருடியதாகச் சொல்லி அவருடைய முதுகுப்பையைச் சோதித்தார்கள். ஒன்றும் இல்லை. 2015இல் ஒன்ராறியோ மனித உரிமைத் தீர்ப்பாயம் அவருக்கு 8,000 டொலர் வழங்கியது. கட்டவேண்டியது அந்தக் கிளையை நடத்திய மருந்தாளரின் கம்பனி. எனவே கடை யாருடைய பெயரில் பதிவாகியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். பற்றுச்சீட்டின் மேலோ அடியிலோ கம்பனிப் பெயர் அடிக்கடி இருக்கும். இல்லாவிட்டால் ஒன்ராறியோ வணிகப் பதிவேட்டில் கடைப் பெயரைப் போட்டுத் தேடலாம். சந்தேகம் இருந்தால் உள்ளூர்க் கம்பனி, தலைமை நிறுவனம் இரண்டையும் எதிர்த்தரப்பாகக் குறிப்பிடுங்கள். காவலாளி வெளிக் கம்பனி ஆளாக இருந்தால் அந்தக் கம்பனியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சம்பவம் நடக்கும் அந்தக் கணத்துக்கு வருவோம். நெஞ்சு படபடக்கும், எல்லோரும் பார்ப்பார்கள், அழுகையும் கோபமும் சேர்ந்து வரும். அப்போது கேட்கவேண்டியவை இரண்டுதான்: “நான் கைது செய்யப்பட்டிருக்கிறேனா, போகலாமா?” “உங்கள் பெயர், உரிம இலக்கம் என்ன?” ஒன்ராறியோவில் பாதுகாப்பு ஊழியர் எல்லோரும், சாதாரண உடுப்பில் திரிபவர் உட்பட, உரிமம் வைத்திருக்கவேண்டும், கேட்டால் காட்டவேண்டும். 2005ஆம் ஆண்டுத் தனியார் பாதுகாப்புச் சேவைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. போகலாம் என்று சொன்னால் போய்விடலாம். கைது என்று சொன்னால் கையை நீட்டித் தள்ளாதீர்கள், ஓடாதீர்கள். தவறான கைது என்றாலும் தள்ளுமுள்ளு நடந்தால் வழக்கு உங்கள்மீது திரும்பும்.

பையைக் காட்டச் சொன்னால், கைது செய்யாதவரை அது உங்கள் சம்மதத்தில்தான் நடக்கும். மறுக்கலாம். மறுத்தால் கடையைவிட்டு வெளியேறச் சொல்லலாம். பிள்ளைகள் கூட நிற்கிறார்கள், சீக்கிரம் முடியட்டும் என்று நினைத்தால் காட்டுவதிலும் பிழையில்லை. ஆனால் முகாமையாளரை வரச்சொல்லி, கமராவுக்கு நேரே, “விருப்பமில்லாமல்தான் காட்டுகிறேன்” என்று சத்தமாகச் சொல்லிவிட்டுக் காட்டுங்கள். பின்னறைக்குப் போகாதீர்கள். அங்கே சாட்சியும் இல்லை, பல இடங்களில் கமராவும் இல்லை. அங்கத்துவ அட்டையோடு நுழையும் மொத்த விற்பனைக் கடைகளில் வாசலில் பற்றுச்சீட்டுப் பார்ப்பது அங்கத்துவ நிபந்தனை. அங்கே எல்லோருடையதையும் பார்க்கிறார்களா, உங்களுடையதை மட்டும் துருவுகிறார்களா என்பதுதான் கேள்வி.

வெளியே போ என்று சொன்னால் போய்விடுங்கள். ஒன்ராறியோவில் அத்துமீறல் சட்டத்தின்கீழ் 10,000 டொலர்வரை தண்டம் விதிக்கலாம். வெளியேற்றியது நிறத்துக்காக என்றால் மனித உரிமைச் சட்டத்தில் அதைப் பின்னர் எதிர்க்கலாம். நின்று வாதாடினால் பேச்சு அத்துமீறலைப் பற்றியதாக மாறி, நிறத்தைப் பற்றிய கேள்வி பின்னால் தள்ளப்படும். நீங்கள் பங்கெடுக்கும் உரையாடலைப் போனில் பதிவுசெய்வது கனடாவில் குற்றமில்லை. ஆனால் தனியார் இடம் என்பதால் படம் எடுப்பதை நிறுத்தச் சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. போனைச் சட்டைப்பையில் போட்டுக் குரலை மட்டும் பதிவுசெய்தால் போதும்.

அன்று இரவே எழுதுங்கள். எழுதி உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள், திகதியும் நேரமும் தானாகப் பதிவாகிவிடும். “என்னைக் கேவலப்படுத்தினார்கள்” என்ற வரி உண்மைதான், ஆனால் தீர்ப்பாயத்தில் எடைபோடுவது வேறு மாதிரி வரி: “6.40 மணி. 4ஆம் காசுமேசை. எனக்கு முன்னால் நின்ற வெள்ளைப் பெண்ணிடம் பெரிய துணிப்பை இருந்தது, பார்க்கவில்லை. என் பையைத் திறக்கச் சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு ‘இந்தப் பகுதியில் நிறையத் திருட்டு’ என்றார்.” முன்னால் நின்றவரின் பை இங்கே மிக முக்கியம். அதே நிலையில் இருந்த இன்னொருவர் வேறு விதமாக நடத்தப்பட்டார் என்பதுதான் நிறத்தோடு தொடர்பை ஏற்படுத்தும் நூல். அவர்கள் சொன்ன சொற்களைச் சொன்ன மொழியிலேயே, மாற்றாமல் எழுதுங்கள். பற்றுச்சீட்டைப் படம் எடுத்து வையுங்கள். கடை இலக்கம், காசுமேசை இலக்கம், கொடுக்கல்வாங்கல் இலக்கம், நிமிடம்வரை நேரம் எல்லாம் அதில் இருக்கும். வெப்பத்தாளில் அடிக்கும் எழுத்து சில மாதங்களில் மங்கிப்போகும். ஒன்றும் வாங்கவில்லை என்றால் வாகனத் தரிப்புச் சீட்டோ, பஸ், ரயில் கட்டணத்துக்குப் பாவிக்கும் பிரெஸ்டோ அட்டையின் பயண விவரமோ, கடை வாசலில் எடுத்த ஒரு படமோ நீங்கள் அங்கே இருந்ததைக் காட்டும்.

பலர் தவறவிடுவது கமராப் பதிவை. பதிவுக்கருவி நிறைந்ததும் பழையதன்மேல் புதியது எழுதப்படும். சின்னக் கடைகளில் ஒன்றிரண்டு கிழமைகூடத் தாங்காது. ஆகவே முழு முறைப்பாடு எழுதி முடியும்வரை காத்திருக்காமல் அடுத்த நாளே இரண்டு வரி அனுப்புங்கள்: “இந்தத் திகதி, 6.30 முதல் 7.15 வரை, வாசல், 4ஆம் காசுமேசை, பால் பகுதி ஆகிய கமராப் பதிவுகளை அழிக்காமல் வைத்திருங்கள். கூட்டாட்சித் தனியுரிமைச் சட்டத்தின்கீழ் என் உருவம் உள்ள பதிவின் பிரதியைக் கேட்கிறேன்.” அதற்கு 30 நாளில் பதில் தரவேண்டும். மற்றவர்களின் முகத்தை மறைத்துத் தரலாம், மறுக்கவும் கூடும். எப்படியும், கேட்ட பிறகு அழித்தார்கள் என்றால் அதையே தீர்ப்பாயத்தில் எடுத்துக் காட்டலாம்.

பெரிய கடையில் முகாமையாளரோடு தொலைபேசியில் கதைப்பதில் நேரத்தை விடாதீர்கள். தலைமையகத்துக்கு எழுதி முறைப்பாட்டு இலக்கம் வாங்குங்கள். சில நாட்களில் “வாடிக்கையாளர் அனுபவப் பிரிவு” என்று ஒருவர் கூப்பிட்டு 50 அல்லது 100 டொலர் பரிசு அட்டை தருவதாகச் சொல்வார். அட்டையோடு ஏதாவது கையெழுத்துக் கேட்டால் நிறுத்துங்கள். எல்லா உரிமைகளையும் விட்டுக்கொடுப்பதாக ஒரு வரி அதில் இருந்தால், பிறகு தீர்ப்பாயத்துக்குப் போகும் வழி அடைபட்டுவிடும். பணத்தைவிட எழுத்தில் மன்னிப்பு, ஊழியர் பயிற்சி, அந்தப் படப்பட்டியலை அகற்றுவது என்று கேளுங்கள். இவை நிறுவனம் எளிதில் கொடுக்கக்கூடியவை, அடுத்து அங்கே போகிறவருக்கும் உதவும்.

ஒன்ராறியோத் தீர்ப்பாயத்துக்குச் சம்பவம் நடந்து ஒரு ஆண்டுக்குள் விண்ணப்பிக்கவேண்டும். கட்டணம் இல்லை. மனித உரிமைச் சட்ட ஆதரவு மையம் இலவசமாக ஆலோசனை தரும். நிரூபிக்கவேண்டியவை மூன்று: சட்டம் பாதுகாக்கும் அடையாளம் உங்களுக்கு உண்டு, உங்களுக்குப் பாதகம் நடந்தது, அந்தப் பாதகத்தில் அந்த அடையாளத்துக்குப் பங்கு உண்டு. நிறம் மட்டுமே காரணம் என்று காட்டத் தேவையில்லை, காரணங்களில் ஒன்றாக இருந்தால் போதும். 2013இல் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம், நீதிமன்ற ஓய்வறையில் கறுப்பினச் சட்டத்தரணிகளிடம் அடையாள அட்டை கேட்ட வழக்கில், இதைத் தெளிவாகச் சொன்னது. வேண்டுமென்றே செய்தார்கள் என்றும் காட்டத் தேவையில்லை. குற்றஞ்சாட்டிய ஊழியரே பழுப்பு நிறத்தவர், அவர் எப்படி இனவாதம் காட்டுவார் என்ற வாதம் அடிக்கடி வரும். சட்டத்தில் அது விடையாகாது. காவலாளியின் நடத்தையைப் பற்றி மாகாண உரிமப் பதிவாளரிடம் முறையிடுவதென்றால் காலம் இன்னும் குறைவு, 90 நாட்கள்.

சந்திக் கடையில் தலைமையகம் இல்லை, முறைப்பாட்டு இலக்கம் இல்லை. பாகுபாடும் வேறு உருவம் எடுக்கும். விலை ஒட்டாத பொருளுக்கு ஆளைப் பார்த்து விலை. சில்லறையைக் கையில் தராமல் மேசையில் வைப்பது. “கார்ட் மெஷின் வேலை செய்யவில்லை” என்று ஒருவருக்கு மட்டும் சொல்வது. கழிவறை இல்லை என்பது. இவை ஒவ்வொன்றும் தனியே எடுத்தால் சின்ன விஷயம்போல இருக்கும், நிரூபிக்கவும் கடினம். ஒரே கடைக்கு வேறு நிறத்தவரான நண்பர் ஒருவர் அதே கிழமையில், அதே நேரத்தில் போய், அதே பொருளை வாங்கி, பற்றுச்சீட்டோடு வருவதுதான் சிறந்த சோதனை. வாடகை வீட்டுப் பாகுபாட்டைக் கண்டுபிடிக்க நெடுங்காலமாகப் பயன்படும் முறை இது. சின்னக் கடையில் முதலாளியோடு நேரே கதைத்தால் தீர்வதும் உண்டு. கூட்டம் இல்லாத நேரத்தில், அவருடைய வாடிக்கையாளர் முன்னால் அல்லாமல், நடந்ததை மட்டும் சொல்லுங்கள். இணையத்தில் மதிப்புரை எழுதுவதென்றால் கண்டதையும் கேட்டதையும் எழுதுங்கள். “இனவெறியன்” என்று ஆளுக்குப் பட்டம் சூட்டினால் அவதூறு வழக்குக்கு இடம் கொடுப்பீர்கள்.

கடைசியாக எங்கள் முதலாளிமாருக்கு. கறுப்பினப் பையன்கள் நாலு பேர் உள்ளே வந்ததும் காசுமேசையில் இருந்து “கவனம், பார்த்துக்கொள்” என்று தமிழில் குரல் கொடுப்பது ஸ்காபரோவில் நெடுங்காலமாக நடக்கும் பழக்கம். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் தாங்கள் உள்ளே வந்ததும் குரல் மாறியது தெரியும். பிள்ளைப்பிராயத்தில் இருந்து எல்லாக் கடைகளிலும் அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். எங்கள் பிள்ளைகளையும் பெரிய கடைகளில் அதே கண்ணால் பார்க்கிறார்கள். இதை அறிந்தும் நாங்கள் செய்வது மன்னிக்கத்தக்கதல்ல. ஒன்ராறியோச் சட்டத்தில் ஊழியர் செய்ததற்கு முதலாளியே பொறுப்பு, மகனோ மருமகனோ சும்மா உதவிக்கு நின்றிருந்தாலும் பொறுப்பிலிருந்து தப்பமுடியாது.

திருட்டு உண்மையான பிரச்சினைதான். ஒன்றிரண்டு வீத இலாபத்தில் ஓடும் கடைக்குத் தினமும் இரண்டு பால்மாப் பேணி காணாமல் போனால் தாங்காது. அதற்குச் செய்யவேண்டியது கடையின் அமைப்பில் இருக்கிறது. நடுத்தட்டுகளை நெஞ்சுயரத்துக்குக் குறையுங்கள், காசுமேசையில் இருந்து கடைசிச் சுவர்வரை கண் போகவேண்டும். மூலைகளில் குவிந்த கண்ணாடி வையுங்கள். சவர அலகு, பால்மா, கைபேசி அட்டை போன்ற எளிதில் போகும் பொருட்களை மேசைக்குப் பின்னால் வையுங்கள். ஆனால் எதைப் பூட்டுகிறீர்கள் என்று கவனியுங்கள். அமெரிக்காவில் வோல்மார்ட்டின் சில கிளைகள் கறுப்பினத்தவர் பாவிக்கும் தலைமுடிப் பூச்சுகளை மட்டும் கண்ணாடிப் பெட்டியில் பூட்டிவைத்து, கண்டனத்துக்குப் பிறகு 2020 ஜூனில் கைவிட நேர்ந்தது. விலையும் திருட்டு எண்ணிக்கையும் பார்த்துப் பூட்டுங்கள், யார் வாங்குகிறார் என்று பார்த்து அல்ல.

பையை வாசலில் வைக்கச் சொல்வதென்றால் எல்லோருடைய பையும், பக்கத்துவீட்டு அன்ரியின் பை உட்பட. பாடசாலை விடும் நேரத்தில் ஒரு தடவைக்கு மூன்று மாணவர் என்று எழுதி ஒட்டலாம். ஒன்ராறியோவில் சேவை விடயத்தில் வயதுப் பாகுபாட்டுப் பாதுகாப்பு 18 வயதில்தான் தொடங்குகிறது. ஆனால் கறுப்பின மாணவர் வரும்போது மட்டும் அந்தத் தாளைக் காட்டினால் அது வயதைப் பற்றிய விதியாக இருக்காது. உள்ளே வருகிற எவருக்கும் முதலில் வணக்கம் சொல்லுங்கள். திருட வந்தவருக்குத் தன்னைக் கண்டுவிட்டார்கள் என்று தெரியும், வாங்க வந்தவருக்கு மரியாதையாகப் படும்.

பின்னறையில் படம் ஒட்டுவதென்றால் கண்ணால் கண்ட திருட்டுக்கு மட்டும், திகதி எழுதி, சில மாதங்களில் கழற்றிவிடவேண்டும். அதைக் கடைக்காரர் வாட்ஸ்அப் குழுவில் போடவேண்டாம். தவறான ஆள் என்றால் எத்தனை கைக்குப் போனது என்று பின்னர் எண்ணமுடியாது. 2024 செப்டம்பர் 5 முதல் உரிமம் பெற்ற சிறுகடைகளில் பியரும் வைனும் விற்கலாம் என்றாகிவிட்டதால் அடையாள அட்டை கேட்பது இன்னும் கூடியிருக்கிறது. 19 வயதுதான் எல்லை. ஆனால் 25க்குக் குறைவாகத் தெரியும் எவரிடமும் கேட்பது என்ற புகையிலை விதியையே இதற்கும் வைத்துக்கொள்ளுங்கள். கேட்டதும் விற்றதும் மறுத்ததும் ஒரு கொப்பியில் நேரத்தோடு எழுதுங்கள். யாரேனும் நிறத்துக்காகக் கேட்டார்கள் என்று முறையிட்டால், எல்லோரிடமும் கேட்டதைக் காட்ட அந்தக் கொப்பி இருக்கும். ஒரு மாதம் எழுதிய பிறகு நீங்களே அதைப் புரட்டி, மறுக்கப்பட்டவர்கள் யார் யார் என்று காசாளரோடு உட்கார்ந்து பாருங்கள்.